ஷிகொட்சு ஏரிக்கரைச் சுடுதண்ணி

2019 ஒக்ரோபரில் யப்பானின் வடக்கிலுள்ள ஹொக்கைடோவுக்குப் போயிருந்தேன். அங்கே ஷிகொட்சு என்றொரு ஏரி. 360 மீற்றர் ஆழம்; கடுங்குளிரிலும் இலேசில் உறையாது. எனிவா மலையடியில் மருகோமா என்ற பழைய விடுதி. ஏரிக்கரையோடு ஒட்டிய திறந்தவெளித் தொட்டியின் அடியிலிருந்தே சுடுதண்ணி ஊறுகிறது. ஏரி ஏறினால் தொட்டியும் ஏறும், ஏரி இறங்கினால் தொட்டியும் இறங்கும். அன்றைக்கு நெஞ்சளவு.

உடம்பைக் கழுவிவிட்டு ஒரு துணியும் இல்லாமல்தான் இறங்கவேண்டும். எனக்கு வெட்கத்தைவிட முதுகிலுள்ள ஷெல் காயத் தழும்புதான் பயம். யாரும் கேட்டால் எந்தப் பாஷையில் சொல்வது? உள்ளே இருந்த முதியவர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் வயிற்றிலும் நீளமாக ஒரு வெட்டுத் தழும்பு. கொஞ்சம் தள்ளியிருந்து இடம் விட்டார்.

சின்ன வயதில் இப்படிச் சுடுதண்ணியில் குளித்தது திருகோணமலைக் கன்னியாவில், அப்பாவோடு. ஏழு கிணறுகளிலும் அவரே அள்ளி ஊற்றுவார். அவர் செத்தபோது அந்தியேட்டிக்குத் தம்பிதான் கன்னியா போனான். அகதி விண்ணப்பம் முடியாமல் நான் இங்கே நின்றேன்.

அன்று ஏரியைப் பார்த்தபடி மூன்று தரம் தண்ணீர் அள்ளி விட்டேன். அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. எனக்கு மனம் கொஞ்சம் ஆறியது.