ரயில் வராத ஊர்

"இதைப் பார்க்கவாப்பா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றான் மகன்.

கேள்வி நியாயமானதுதான். கான்சாஸ் சிட்டியிலிருந்து ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கார் ஓட்டியவன் அவன். வழியெல்லாம் கோதுமை அறுத்த தாளடியும் சோளக் கொல்லையும் வானமும்தான். 24ஆம் எண் நெடுஞ்சாலையில் கொஞ்சம் அசந்ததில் ஊரைத் தாண்டிவிட்டோம். திரும்பி வந்து நிறுத்தினால் சில தெருக்கள், பழைய தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு பொது மண்டபம். நிகோடீமஸ் அவ்வளவுதான். மேயரும் இல்லை, நகராட்சியும் இல்லை. தபால் நிலையத்தை 1953இல் மூடிவிட்டார்கள். குடியிருப்பவர்கள் இரண்டு டஜன்கூடத் தேறமாட்டார்கள்.

நான் வந்ததற்குக் காரணம் என் பிழைப்பு. மத்திய இந்தியாவின் சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் 34 வருடம் காலம் தள்ளியவன் நான். ரயில் வந்தால் ஊர் பிழைக்கும், போனால் செத்துவிடும் என்பது என் அனுபவப் பாடம். அதற்கு நிகோடீமஸைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று நினைத்திருந்தேன்.

அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து 12 வருடம் கழித்து, 1877இல் உருவான ஊர் இது. கெண்டக்கியிலிருந்து கறுப்பின மக்கள் நூற்றுக்கணக்கில் கிளம்பினார்கள். சொந்த நிலம், சொந்த ஊர் என்று துண்டுப் பிரசுரங்கள் ஆசை காட்டியிருந்தன. எல்லிஸ் என்ற ஊர்வரை ரயில், பிறகு நடை. வந்து பார்த்தால் ஊரைக் காணோம். தரையிலிருந்து புகை மட்டும் வந்தது. வெட்ட மரம் இல்லாத புல்வெளியில் முன்னால் வந்தவர்கள் மண்ணைக் குடைந்து குழிக்குள் குடியிருந்தார்கள். அழுதவர்கள் உண்டு. திரும்பிப் போன குடும்பங்களும் பல. முதல் குளிர்காலத்தில், வேட்டை முடிந்து திரும்பிய ஒசேஜ் பழங்குடியினர் உணவு தந்து காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள்.

பத்தே வருடத்தில் கடைகள், ஹோட்டல், வங்கி, இரண்டு பத்திரிகைகள் எல்லாம் வந்துவிட்டன. குறை ஒன்றே ஒன்று, ரயில். அதை வரவழைக்க 1887இல் 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்டார்கள். பேச்சுவார்த்தை கைகூடவில்லை. 1888இல் வேறொரு கம்பெனி, சாலமன் ஆற்றுக்குத் தென்கரையில் தண்டவாளம் போட்டது. சில மைல் தள்ளி போக் என்ற புது ஊர் முளைத்தது. வியாபாரிகள் சிலர் கடையைக் கட்டடத்தோடு பெயர்த்துக்கொண்டு அங்கே போனார்கள்.

என் பாடம் சரிதான் என்று மகனிடம் சொல்லிக்கொண்டே மண்டபத்துக்குள் நுழைந்தேன். அங்கிருந்த மூதாட்டி சிரித்தார்.

"ஒரு வாரம் தள்ளி வந்திருக்க வேண்டும். கார் நிறுத்த இடம் கிடைக்காது."

ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் இங்கே ஊர்கூடும் விழா. விடுதலையைக் கொண்டாடத் தொடங்கியது இது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்து கூடுகிறார்கள். பாதிப் பேர் இங்கே ஒரு நாள்கூட வசித்ததில்லையாம். ஆனாலும் 'எங்கள் ஊர்' என்கிறார்கள். 1996இல் அரசு இதைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்ததும் சும்மா அல்ல.

"நீங்கள் ஏன் போகவில்லை?" என்று கேட்டேன்.

"எல்லாரும் போய்விட்டால் அவர்கள் எங்கே திரும்பி வருவது?"

எனக்குப் பதில் தோன்றவில்லை. ரயில் போனதை மட்டுமே நான் கணக்கில் எடுத்திருந்தேன். அதற்குப் பிறகு நூற்றிமுப்பது வருடமாக ஊர் இருக்கிறது என்பதை விட்டுவிட்டேன்.

வெளியே காற்று விடாமல் வீசிக்கொண்டிருந்தது. மகன் வெகு தூரம் பேசாமல் ஓட்டினான். மூன்று வருடத்துக்கொரு டிரான்ஸ்ஃபர், ஊருக்கொரு குவார்ட்டர்ஸ் என்று வளர்ந்த பிள்ளை அவன்.

"திரும்பிப் போக நமக்கு எதுப்பா ஊர்?" என்றான்.

நான் வேலை பார்த்த ஸ்டேஷன்களின் பெயர்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒன்றையும் சொல்ல வாய் வரவில்லை.