ஏழடிச் சரிவு

செப்டம்பர் 7, ஞாயிறு

தம்பி காரை இங்கே விட்டுவிட்டு ஜெர்மனிக்குப் போய்விட்டான். "திரும்பி வர்ற வரைக்கும் நீ பாத்துக்கோக்கா." செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய போர்ஷே பாக்ஸ்டர், இரண்டே சீட். ஞாயிறு விடியற்காலையில் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புவதற்கென்றே வைத்திருந்தான்.

வீட்டுக்குள் ஏறவில்லை. கேட்டுக்கு முன்னால் வடிகால், அதன்மேல் ஸ்லாப், அங்கிருந்து போர்ட்டிகோவுக்குச் செங்குத்தாக ஒரு சரிவு. சக்கரம் ஸ்லாப்பைத் தொடுவதற்கு முன்பே பம்பரின் கீழ்விளிம்பு சிமென்ட்டில் உரசியது. பல் கூசும் சத்தம். எதிர்வீட்டு மாடியில் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அப்பா முன்மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "என்னம்மா, என்ஜினைக் காணோம்?" சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

செப்டம்பர் 8

தெருநாய் கார் கவர் மேல் ஏறிப் படுத்திருக்கிறது. எனக்குத்தான் தூக்கமில்லை.

செப்டம்பர் 10

டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். முன்சக்கரத்துக்கு முன்னால் மூக்கு 3 அடி நீண்டிருக்கிறது. தரைக்கும் அதற்கும் இடைவெளி நாலரை அங்குலம். அப்படியென்றால் 8 அடிக்கு ஓர் அடிதான் ஏறலாம். போர்ட்டிகோ தெருவைவிட 2 அடி உயரம். தட்டாமல் ஏற 16 அடி வேண்டும். இருப்பது 7. மிச்சம் 9 அடியைத் தெருவில் இறக்கினால் பாதித் தெரு போய்விடும். தெருவே 20 அடி.

மூக்கு தப்பினாலும் வயிறு தப்பாது. சக்கரங்களுக்கு இடையே ஏறக்குறைய 8 அடி. சரிவு முடிந்து தரை சமமாகும் இடத்தில் திருப்பம் 11 டிகிரியைத் தாண்டினால் நடுவில் தட்டிவிடும். எங்களுடையது 16 வருகிறது.

இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்கிற வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அந்த அளவுப்படி போட்டிருந்தால் இந்தக் கார் தட்டாமல் தாண்டிவிடும். போட்டிருந்தால்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மேஸ்திரி வந்தார். குந்தி உட்கார்ந்து வடிகாலுக்குள் எட்டிப் பார்த்தார். "ஸ்லாப்பை உடைச்சு அரை அடி கீழ இறக்கிடலாம்க்கா. போர்ட்டிகோவையும் கொஞ்சம் கொத்திட்டா சரியாயிடும். தண்ணி எப்பவாச்சும்தான போகுது."

அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அந்த எப்பவாச்சுக்குத்தான்யா வடிகாலே!"

அதற்கப்புறம் நிறுத்தவில்லை. வீட்டுக்கு மேற்கே சிறுசேரி ஏரி, தாழம்பூர் ஏரி, தையூர் ஏரி. கிழக்கே பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு முகத்துவாரம். ஏரி நிரம்பினால் தண்ணீர் கடலுக்குப் போயாக வேண்டும், போகிற வழியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார். மேஸ்திரிக்கு இதெல்லாம் தெரியாதா? தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

பிறகு முடிச்சூர். 2015 டிசம்பர் வெள்ளம். நாங்கள் அப்போது அங்கே கீழ்த்தளத்தில் இருந்தோம். ஸ்விட்ச் போர்டு வரைக்கும் சேறு ஏறின சுவரை அப்பா கையால் தடவிக் காட்டியது எனக்கு நினைவிருக்கிறது. அம்மா அதற்கப்புறம் அந்த அடுப்படியில் சமைக்கவே இல்லை. இந்த வீடு கட்டும்போது பிளானில் இருந்ததைவிட ஒன்றரை அடி உயர்த்தச் சொன்னவர் அப்பாதான். என்ஜினியர் முகம் சுளித்தார், செலவு கூடுதே என்று நானும் முணுமுணுத்தேன். அப்பா அதற்கும் கணக்கு வைத்திருந்தார்: சாலையைப் போடப் போட மட்டம் ஏறும், வீடு பள்ளமாகும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு உத்தரவிட்ட செய்தியைப் பேப்பரிலிருந்து கத்தரித்து வைத்திருக்கிறார். அதையும் எடுத்துவந்து மேஸ்திரியிடம் காட்டினார்.

மேஸ்திரி டீ குடித்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 15

அப்பா பேசவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

பேட்டரி இறங்கிவிடும் என்று ஒரு சாக்கு. ஐந்தரைக்கே எடுத்துவிட்டேன். கேளம்பாக்கம் தாண்டிக் கோவளம் சாலையில் திரும்பியதும் இரண்டு பக்கமும் தண்ணீர், உப்பளம். ஆள் நடமாட்டம் இல்லை. தரையோடு தரையாக உட்கார்ந்து போவதில் ஒரு சுகம் இருக்கிறது, 60-இல் போனாலே பறக்கிற மாதிரி. தம்பியைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கு அவன்மேல் பொறாமையே வந்துவிட்டது.

ஈசிஆரில் காபிக் கடை வாசலில் இதே மாதிரி தாழ்ந்த கார்கள் வரிசையாக நின்றன. ஒருவர் பட்டனை அழுத்திக் காட்டினார், முன்பக்கம் தானாக எழுந்தது. 40 மில்லிமீட்டராம். என்னுடையதில் அது இல்லை என்றதும் உதட்டைப் பிதுக்கினார். "குறுக்கா ஏத்துங்க மேடம். ஒவ்வொரு சக்கரமா." சொன்னதில் நியாயம் இருக்கிறது. 45 டிகிரி சாய்த்து ஏறினால் 7 அடி கிட்டத்தட்ட 10 ஆகிவிடும்.

செப்டம்பர் 22

குறுக்கே ஏற கேட் தூண் விடவில்லை. ரிவர்ஸில் சைலன்சர் தட்டுகிறது. பலகை வைத்தால் வழுக்குகிறது. வேடிக்கை பார்த்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் கை காட்ட, விற்றுத் தொலை என்று தம்பிக்கு மெசேஜ் போட்டேன். அவன் சிரிக்கிற பொம்மை அனுப்பினான்.

அக்டோபர் 5

காலையில் சாப்பாட்டு மேஜையில் ஒரு தாள். அப்பாவின் கையெழுத்து, ஸ்கேல் வைத்துப் போட்ட படம். செக்கர் பிளேட்டில் இரண்டு தடம், ஒவ்வொன்றும் 8 அடியில் இரண்டு துண்டு, நடுவில் தாங்க ஸ்டாண்டு. கார் ஏறினதும் கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். ஓரத்தில் சிவப்பு மையில்: "ஸ்டாண்டின் கால் வடிகாலில் இறங்கக் கூடாது."

என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. படூர் வெல்டிங் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 12

பிளேட் வரவில்லை. மின்வெட்டாம்.

அக்டோபர் 17

ராத்திரி பிடித்த மழை விடவில்லை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். நாலு மணிக்கு விழித்தால் வாசலில் டார்ச் வெளிச்சம். அப்பா குடை பிடித்துக்கொண்டு காரின் டயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"மிக்ஜாம் புயல் அப்ப பள்ளிக்கரணையில கார் மிதந்துச்சே, பாத்தல்ல? இது அதுங்கள விட தாழ்வு. வயித்துல தண்ணி பூந்தா அவ்ளோதான். முதல்ல இதை மேல ஏத்துற வழியப் பாரும்மா."

மேலே இருக்கும் என் ஸ்கூட்டரையும் தண்ணீர் கேனையும் அவரே ஓரமாகத் தள்ளி வைத்திருக்கிறார். போர்ட்டிகோ காலி. விடிந்ததும் வெல்டிங் கடைக்குப் போன் போட்டேன். நாளைக்குக் கண்டிப்பாக என்கிறார். திங்கட்கிழமையும் இதைத்தான் சொன்னார்.