சினை நாயும் நாள்கணக்கும்

நாயின் சினைக்காலம் 63 நாள் என்பது நாய் வளர்ப்பவர்கள் எல்லாரும் சொல்லும் கணக்கு. அதை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் சிக்கல். கருமுட்டை வெளியான நாளிலிருந்து எண்ணினால் 63. ஒரு நாள் முன்பின் ஆகலாம். இணைசேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57ஆம் நாளிலும் குட்டி பிறக்கும், 72 நாள்வரை இழுக்கவும் செய்யும். நாயின் கருமுட்டை முதிராமலேயே வெளிவந்து, பிறகு இரண்டு மூன்று நாளில் முதிர்கிறது. விந்தணுவோ கருப்பைக்குள் ஏறக்குறைய ஒரு வாரம் உயிரோடு காத்திருக்கும். ஆகவே ‘கிராசிங்’ ஆன தேதியை வைத்துக் கருவுற்ற நாளைச் சொல்லிவிட முடியாது. பிரசவத்துக்கு முந்தைய மருத்துவக் கண்காணிப்பில் பாதி, அந்த நாளைப் பிடிக்கும் வேலைதான்.

பிடிக்க நல்ல வழி, இணைசேர்ப்பதற்கு முன்பே ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் அளவைப் பார்த்துவருவது. ஒரு மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமை எட்டும்போது கருமுட்டை வெளியேறுவதற்கான தூண்டுதல் தொடங்கியிருக்கும். 5ஐ ஒட்டி வரும்போது முட்டை வெளியாகும். ஆனால் பெரும்பாலான நாய்கள் வயிறு தெரிய ஆரம்பித்த பிறகுதான் மருத்துவரிடம் வருகின்றன. அங்கே கணக்கைப் பின்னோக்கித்தான் போட்டாக வேண்டும்.

சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் பயிலும் மாணவர்கள் முதலில் கையால் பார்க்கப் பழகுகிறார்கள். 24 முதல் 30 நாளுக்குள் வயிற்றை இரு பக்கமும் மெல்ல அழுத்தினால், கருப்பையின் கொம்புகளில் கருக்கள் நெல்லிக்காய்ச் சரம்போல விரலில் தட்டுப்படும். நாய் வயிற்றை இறுக்கிக்கொண்டால், அல்லது உடல் பருத்திருந்தால், தேர்ந்த கைக்கும் பிடிபடாது. 35 நாளுக்கு மேல் வீக்கங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுவதால் தனித்தனியாக உணர முடிவதில்லை.

மனிதருக்கான கர்ப்பப் பரிசோதனை அட்டை நாய்க்கு உதவாது; அது தேடும் ஹார்மோன் நாயிடம் இல்லை. புரோஜெஸ்டிரோனும் உதவாது. சினையானாலும் ஆகாவிட்டாலும் அந்த ஹார்மோன் ஏறக்குறைய இரண்டு மாதம் ஒரே மாதிரி உயர்ந்திருப்பதுதான் காரணம். பொய்ச்சினை வருவதும் இதன் தொடர்ச்சியாகத்தான். மடி பெருத்து, பால் சுரந்து, மூலையில் துணியைச் சுரண்டிப் படுக்கை போடும் நாயின் வயிற்றில் ஒரு குட்டியும் இருக்காது. ரத்தத்தில் நம்பத்தக்கது ரிலாக்சின் மட்டுமே. அது நஞ்சுக்கொடியிலிருந்து சுரப்பது. நாலாவது வாரத்தை ஒட்டித் தெரியவரும்.

உறுதி சொல்வது ஸ்கேன். அந்த அறையில் மருத்துவருக்கு நிகரான பங்கு, நாயைப் பிடித்திருக்கும் உதவியாளருக்கும் உண்டு. பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒரு கை கழுத்திலும் ஒரு கை பின்னங்காலிலுமாக, வலிக்காமலும் நழுவவிடாமலும் பிடிப்பது கைப்பழக்கத்தில் வருவது. தலைமாட்டில் உரிமையாளர் நின்று பேசிக்கொண்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற குட்டை முடி நாய்களுக்குச் சிரைக்கும் வேலை குறைவு. பொமரேனியனுக்கு அடிவயிற்று முடியை எடுத்த பிறகே ஜெல் தடவ முடியும். சுமார் 20ஆம் நாளில் கருவைச் சூழ்ந்த பைகள் தெரியும். 25ஆம் நாள்வாக்கில் இதயம் துடிப்பதே தெரியும். சினை உண்டா, உயிர் உண்டா என்ற இரண்டுக்கும் அந்தத் துடிப்பே பதில். கருப்பையில் சீழ் கோத்திருந்தாலும் இதே ஸ்கேனில் வெளிப்படும். அதுவும் வயிற்றைப் பெருக்கச் செய்வதால் சினை என்று நம்பி அழைத்து வருபவர்கள் உண்டு.

ஆனால் எத்தனை குட்டி என்று ஸ்கேனிடம் கேட்கக்கூடாது. கொம்புகள் வளைந்து மடிந்து கிடப்பதால் ஒன்றையே இருமுறை எண்ணுவதும் ஒன்றை விட்டுவிடுவதும் சாதாரணம். சில கருக்கள் தொடக்கத்திலேயே கரைந்தும் போகும். எண்ணிக்கைக்கு எக்ஸ்ரே வேண்டும். 45ஆம் நாளளவில் எலும்பு பதியத் தொடங்குகிறது. 55 நாள் கடந்து எடுத்தால் மண்டைகளையும் முதுகெலும்புகளையும் தனித்தனியே எண்ணலாம். அதற்குள் உறுப்புகள் உருவாகிவிட்டிருக்கும். ஒருமுறை எடுக்கும் படத்தால் குட்டிக்குக் கேடு வரும் என்ற அச்சம் தேவையில்லை. ஐந்து என்று தெரிந்த வீட்டில் நான்கோடு வலி நின்றால் உடனே புறப்படுவார்கள். எண்ணிக்கை தெரியாத வீட்டில் விடியும்வரை காத்திருப்பார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தச் செலவு தகும்.

இடைப்பட்ட நாள்களில் மருத்துவர் சொல்பவற்றில் ‘வேண்டாம்’களே அதிகம். டெட்ராசைக்ளின் வகை மருந்துகள், ஸ்டீராய்டு, உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகள் சினைக்காலத்தில் தவிர்க்கப்படுகின்றன. கால்சியம் டானிக்கும் அப்படித்தான். நல்லது என்று எண்ணி ஊற்றப்படும் அது, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொடுக்கும் உடலின் வழியை மந்தமாக்கிவிடுகிறது. பால் கொடுக்கும் வாரங்களில் தேவை திடீரென ஏறும்போது தாய்க்கு நடுக்கமும் வலிப்பும் வரும். சிறிய இன நாய்களில் இது அதிகம். கடைசி மூன்று வாரத்தில் குட்டிகளுக்கான தீவனத்தை, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை பிரித்துக் கொடுத்தால் போதும். குடற்புழு நீக்கம் மட்டும் விதிவிலக்கு. உருண்டைப் புழுவின் இளம் பருவங்கள் தாயின் தசையிலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குள் போய்விடுவதால், 40ஆம் நாளிலிருந்து ஃபென்பெண்டசோல் கொடுக்கும் முறை இருக்கிறது. 45 நாளுக்கு மேல் கரு கலைந்தால் புருசெல்லா கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். மனிதருக்கும் தொற்றக்கூடியது என்பதால் கலைந்த கருவைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

கடைசி வாரத்தில் கண்காணிப்பு வீட்டுக்கு இடம் மாறுகிறது. காலையும் மாலையும் ஆசனவாயில் வெப்பமானி வைத்துக் குறித்துவர வேண்டும். வழக்கமாக 101 முதல் 102 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்கும் சூடு 99க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வலி தொடங்கும். புரோஜெஸ்டிரோன் 2க்குக் கீழே விழுவதன் விளைவு அது. சந்தேகம் இருந்தால் ஸ்கேனில் குட்டிகளின் துடிப்பை எண்ணிப் பார்ப்பார்கள். நிமிடத்துக்கு 200க்கு மேல் இருந்தால் நலம். 180க்குக் கீழே இறங்கினால் குட்டி திணறுகிறது என்று பொருள். 160க்கும் கீழே என்றால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. புல்டாக், பக் போன்ற பெருந்தலை இனங்களுக்கு அறுவைக்கான நாளையே முன்கூட்டிக் குறிப்பதுண்டு. நாள்கணக்கு பிசகினால் நுரையீரல் முதிராத குட்டிகளை எடுக்க நேரும் என்பதால், முதல் ரத்தப் பரிசோதனையின் அருமை அங்கேதான் தெரியும்.

நாய் அரைமணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டால், ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு மணி நேரம் கடந்தால், முதல் குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சைக் கசிவு கண்டால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அந்தப் பச்சை, நஞ்சுக்கொடி பிரியத் தொடங்கியதன் அடையாளம்.