மனசு நிறைஞ்ச நாள்ல செய்ய வேண்டியது

காரணமே இல்லாம மனசு பூரிச்சுக் கிடக்கிற நாள் எப்பவாவதுதான் வாய்க்குது. அதை ஃபோனைத் தடவியே கழிச்சுடக் கூடாது. மனசு சோர்ந்த நாள்ல நம்மால முடியாத காரியங்களுக்குத்தான் அந்த நாள். பேச்சு நின்னுபோன பங்காளி வீட்டுப் படியேறுறது, படுக்கையில இருக்கிற பெரியவங்க பக்கத்துல சாவகாசமா உட்கார்றது.

எங்க கீழச்சிவல்பட்டியில பிள்ளையார் நோன்பு அப்படி ஒரு நாள். திருக்கார்த்திகையில இருந்து 21 நாள் எண்ணி, சஷ்டியும் சதயமும் கூடுற அன்னிக்கு ராத்திரி இழை எடுப்போம். புது வேட்டியில உருவின 21 நூலைத் திரியாக்கி, மாவுல வச்சு, நெய் விட்டு ஏத்தி, வீட்டுப் பெரியவக எடுத்துக் கொடுக்க, சுடரோடயே வாயில போட்டுக்குவோம். சின்னப் பிள்ளைங்க முகத்துல பயமும் பெருமையும் சேர்ந்து வரும் பாருங்க, அதுக்கே கண் கோடி வேணும்.

போன நோன்பன்னிக்கு அந்தச் சந்தோஷம் ஆறுறதுக்குள்ள, ரொம்ப நாளா ஒதுங்கி இருந்த சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டேன். "அண்ணன் இழை எடுத்துட்டாகளா?"ன்னுதான் முதல்ல கேட்டாக. ஃபோனை அப்படியே அப்பச்சி (எங்க அப்பா) கையில கொடுத்துட்டேன். அரைமணி நேரம் பேசினாக.

இன்னிக்கும் மனசு நல்லா இருக்கு. சாயங்காலம் காரைக்குடிக்கு, ஆயாவைப் பார்க்கக் கிளம்புறேன்.