பாண்டியா, புதுச்சேரியா: லுக்கப் வழுக்கும் இடம்

2006 அக்டோபர் 1 முதல் பாண்டிச்சேரி அரசுக் கணக்கில் புதுச்சேரி. ஊர்க்காரர்களுக்கு இன்றும் பாண்டிதான். பஸ் ஏறுகிறவருக்கு மூன்றும் ஒரே ஊர். லுக்கப் ஃபார்முலாவுக்கோ மூன்றும் மூன்று ஊர்!

அனாபிளான் மாதிரியான திட்டமிடல் மென்பொருளில் விற்பனை ஒரு மாட்யூலில் இருக்கும், மாநிலவாரியான சரக்குக் கட்டணம் இன்னொரு மாட்யூலில் இருக்கும். எந்தக் கடை எந்த மாநிலம் என்று சொல்லி இரண்டையும் இணைப்பது நடுவிலுள்ள மேப்பிங். விற்பனைக் கோப்பில் 'பாண்டிச்சேரி' என்று வந்து, மாநிலப் பட்டியலில் 'புதுச்சேரி' என்று இருந்தால், ஃபைண்ட்ஐட்டம் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடும். காலி மேப்பிங்கை நம்பிப் போகிற லுக்கப் கொண்டுவருவது பூஜ்யம். சரியான பொருத்தம் கேட்டு எழுதிய எக்செல் வீலுக்கப் இதில் கொஞ்சம் யோக்கியம். கிடைக்கவில்லை என்று கட்டத்திலேயே கத்திவிடும். பூஜ்யம் கத்தாது, கூட்டலில் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். பட்ஜெட்டில் ஒரு பிரதேசத்தின் செலவே காணாமல் போய், லாபம் கூடித் தெரியும். லாபம் கூடினால் யார் கேள்வி கேட்கப்போகிறார்கள்?

பெயர்தானே தொல்லை, பின்கோடின் முதல் மூன்று இலக்கத்தை வைத்து மாநிலத்தைப் பிடிக்கலாம் என்று சிலர் கிளம்புவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வரைபடம் அங்கே வேலையைக் காட்டும். புதுச்சேரி 605001; தமிழ்நாட்டின் விழுப்புரம் 605602. காரைக்கால் 609602, மயிலாடுதுறை 609001. மாஹே 673310, ஏனாம் 533464. மாஹே கேரளாவுக்கும் ஏனாம் ஆந்திராவுக்கும் போய்விடும். இது பூஜ்யத்தைவிட மோசம். தப்பான கட்டணம் சரியான கட்டணம் மாதிரியே இருக்கும்.

கடையின் ஜிஎஸ்டி எண் இருந்தால் தப்பிக்கலாம். அதன் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33. புதுச்சேரிக்கு 34, நான்கு பகுதிகளுக்கும் அதுவே.

எண் தப்பாக வந்ததும் ஃபார்முலாவைத் திருத்தத் தோன்றும். முதலில் பார்க்க வேண்டியது மேப்பிங்கை. காலிக் கட்டங்களை மட்டும் வடிகட்டினால் பாதி வழக்கு முடிந்துவிடும். ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு வெற்றிடம்கூட அங்கேதான் மாட்டும். அப்புறம், மேப்பிங் வெறும் எழுத்தாக இருக்கிறதா, கட்டண மாட்யூல் பயன்படுத்தும் அதே மாநிலப் பட்டியலா என்று பார்க்க வேண்டும். பல கடைகளின் விற்பனையை ஒரு மாநிலத்துக்குத் திரட்டுவதானால் அது லுக்கப் வேலையே இல்லை, சம் வேலை.

கடைசியாக ஒரு வரி: மேப்பிங் காலியான கடைகள் எத்தனை என்று எண்ணி, பட்ஜெட் பக்கத்தின் தலையிலேயே காட்டிவிடலாம். அந்த எண் 0 ஆகும்வரை லாபத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம்.