மகளுக்காகப் பாடசாலை திறந்த தகப்பன்



சாதாரண தரப் பெறுபேறு வந்த பிறகு ஒரு வாப்பா என்னைத் தேடி வந்தார். மகளுக்குக் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஏ சித்தி. ஆனால் எங்கள் பாடசாலையில் உயர்தரக் கணிதப் பிரிவு இல்லை.

"பொம்புளப் புள்ளய அவ்வளவு தூரம் பஸ்ஸில அனுப்ப ஏலா சேர். இங்கேயே கலைப் பிரிவு படிக்கட்டும்" என்றார்.

அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

1912இல் சீனாவில், ஷங்ஹாய்க்குக் கிட்ட லியூஹே என்ற சிற்றூரில் வூ சியென்-ஷியுங் பிறந்தார். பெண்பிள்ளைகள் படிப்பது அரிதான காலம். அவருடைய தகப்பனார் ஊரில் பெண்பிள்ளைகளுக்கென்றே ஒரு பாடசாலையைத் திறந்தார். மகளும் அங்கேதான் படித்தார். அங்கு வகுப்புகள் முடிந்ததும், 11 வயதில் மகளை சுசோ நகரத்து விடுதிப் பாடசாலைக்கு அனுப்பினார்.

அங்கே மகள் சேர்ந்தது ஆசிரியர் பயிற்சிப் பிரிவில். அதில் விஞ்ஞானம் குறைவு. மற்றப் பிரிவுத் தோழிகளின் பௌதிகவியல் புத்தகங்களை இரவல் வாங்கி, இரவில் தானாகவே படித்தார். நாஞ்சிங் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் முடித்து, 1936இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அதன்பின் போரும் அரசியலும் குறுக்கே வந்தன. தாய் தகப்பனை அவர் மறுபடி காணவேயில்லை.

இயற்கை இடம் வலம் என்று வேறுபாடு பார்ப்பதில்லை என்றே விஞ்ஞானிகள் நம்பியிருந்தார்கள். லீ, யாங் என்ற இரண்டு சீன விஞ்ஞானிகள் அதில் சந்தேகம் எழுப்பினார்கள். 1956 இறுதியில் வூ அதைச் சோதித்தார். கோபால்ற்று-60 அணுக்களைக் கடுங்குளிரில் வைத்து, காந்தத்தால் அவற்றின் கருக்களை ஒரே திசைக்குத் திருப்பினார். வெளிவந்த இலத்திரன்கள் இரு பக்கமும் சமமாக வரவில்லை, ஒரு பக்கமே கூடுதலாக வந்தன. பழைய நம்பிக்கை உடைந்தது.

1957இல் நோபல் பரிசு லீக்கும் யாங்குக்கும் கிடைத்தது. வூவுக்கு இல்லை. 1978இல் பௌதிகவியலுக்கான முதலாவது வுல்ஃப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

1997இல் அமெரிக்காவில் காலமானார். அவருடைய அஸ்தி, தகப்பனார் திறந்த அதே பாடசாலை முற்றத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டது.

அந்த வாப்பா எல்லாவற்றையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எழும்பும்போது, "காலைல அந்தப் பஸ் எத்தன மணிக்கு சேர்?" என்று மட்டும் கேட்டார்.

நம் ஊரில் இப்படி யோசித்துக்கொண்டிருக்கும் வாப்பாமார், உம்மாமார் இன்னும் இருப்பீர்கள். எனக்குச் சொல்லுங்கள். நாலைந்து பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு வேன் பிடிக்கலாம், இன்ஷா அல்லாஹ்.