மலை உச்சியிலிருந்து ஒரு குரல்



“மலையேறிப் போனாலும் மைத்துனன் துணை வேண்டும்” என்பது பழமொழி. அப்பாவின் மைத்துனர்தான் என் தாய்மாமா. சென்ற கோடை விடுமுறையில் அவர் எங்களைக் கொடைக்கானலுக்கு அழைத்துச் சென்றார். ஏரியில் படகு விடலாம், குதிரைச் சவாரி செய்யலாம் என்று நானும் தம்பியும் கனவு கண்டுகொண்டிருந்தோம். மாமாவின் திட்டமோ வேறாக இருந்தது. பெருமாள் மலை உச்சியில் ஏறி, அங்கிருந்து நம் விருதுநகரோடு வானொலியில் பேச வேண்டும் என்றார்.

என் மாமா ஒரு ‘ஹாம்’. அதாவது உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர். நாம் வானொலியில் பாட்டும் செய்தியும் கேட்கிறோம். ஹாம்கள் கேட்கவும் செய்வார்கள், பதில் பேசவும் செய்வார்கள். மத்திய அரசு தேர்வு வைத்து இதற்கு உரிமம் தருகிறது. வியாபாரத்துக்கு இதைப் பயன்படுத்தலாகாது. வானொலிக் கருவியை மலை உச்சிக்குச் சுமந்து சென்று பேசுவதை ஒரு விளையாட்டாகவே வகுத்து, 2002 மார்ச் 2-ஆம் நாள் பிரிட்டனில் தொடங்கினார்கள். பிறகு அது ஆல்ப்ஸ் மலை நாடுகளுக்கும் உலகின் பிற பகுதிகளுக்கும் பரவியது. கருவியையும் பாட்டரியையும் தாமே சுமந்து ஏற வேண்டும். வண்டியில் உட்கார்ந்து பேசினால் கணக்கில் சேராது. உச்சியிலிருந்து குறைந்தது நான்கு நிலையங்களோடு பேசினால்தான் புள்ளி உண்டு. இவை அதன் விதிகள். நாங்களும் அப்படியே செய்வதென்று முடிவாயிற்று.

வனத்துறையின் அனுமதி பெற்று, விடியற்காலையில் ஏறத் தொடங்கினோம். என் பங்குக்கு ஆன்டெனாவைச் சுமந்தேன். அதைக் கடையில் வாங்கவில்லை. தச்சர்கள் வைத்திருக்கும் இரும்பு அளவு டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி, பி.வி.சி. குழாயில் மாமாவே பொருத்தியது. மேடே இல்லாத கரிசல் மண்ணில் வளர்ந்த என் கால்கள் பாதி வழியிலேயே கெஞ்சத் தொடங்கின. தம்பி முறுக்குப் பொட்டலத்தைத் திறந்துவிட்டான். ஒருவழியாக உச்சியை அடைந்தோம். ஆகா, என்னே அந்தக் காட்சி! காலடியில் மேகங்கள், அவற்றின் இடைவெளியில் வெயிலில் மினுங்கும் சமவெளி. அந்த வெயிலுக்குள் எங்கோதான் நம் ஊர்!

“இவ்வளவு தூரம் ஏற வேண்டுமா, மாமா? வீட்டு மாடியிலிருந்தே பேசக்கூடாதா?” என்று கேட்டேன். மாமா விளக்கினார். அவருடைய கைக்கருவியின் அலைகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்பவை. பூமியோ உருண்டை. சமவெளியில் நிற்கும் ஒருவரின் கண்ணுக்கு அடிவானம் 5 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. 2,000 மீட்டர் உயரத்தில் நின்றால் அது சுமார் 160 கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. விருதுநகர் அங்கிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். பாட்டி வீட்டு மொட்டைமாடியில் தொலைக்காட்சி ஆன்டெனாவை ஏன் கொடைக்கானல் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஹாம்களின் முதல் பாடம், பேசுமுன் கேட்பது. அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேசவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மாமா “சி.க்யூ., சி.க்யூ.” என்று அழைத்தார். ‘யாராவது இருக்கிறீர்களா?’ என்பது அதன் பொருள். பத்து நிமிடம் வெறும் இரைச்சல். பிறகு மதுரையிலிருந்து ஒருவர், திண்டுக்கல்லிலிருந்து இருவர் பதில் சொன்னார்கள். நான்காவதாக வந்தது மாமாவின் விருதுநகர் நண்பர் குரல்! “பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல் கேட்கிறது” என்றார். மாமாவின் கருவியின் ஆற்றல் 5 வாட்தான்; நம் வீட்டு எல்.இ.டி. விளக்கைவிடக் குறைவு. உரிமம் இல்லாத நான் பேசக்கூடாது, ஆகவே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நண்பரின் குரலுக்குப் பின்னால் ஓர் இருமல் ஒலித்தது. அது அங்கே வந்து அமர்ந்திருந்த என் அப்பாவின் இருமல்! என் கண்கள் நிறைந்துவிட்டன.

ஓர் இருமலுக்கா கண்ணீர் என்று எண்ணாதீர்கள், தோழியரே. என் அப்பா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை செய்கிறார். ஆலைக்குள் கைப்பேசி கொண்டு போகலாகாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நான் அப்போது கைக்குழந்தை. அப்பா வேலை செய்தது வேறு ஆலை. ஆனால் அது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்ததால் யாருக்கும் லைன் கிடைக்கவில்லையாம். இரவு அப்பா வாசலில் வந்து நிற்கும்வரை அம்மா என்னை மடியில் வைத்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்திருந்தாராம். நம் வகுப்பில் இப்படி ஒரு மாலையை அறியாத வீடு எத்தனை இருக்கும்?

தொலைபேசி மௌனமாகும் வேளையில்தான் ஹாம்களின் அருமை தெரிகிறது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி, உலக ஹாம்களோடு பேசுவதற்காக ஒரு குழுவுடன் அந்தமானின் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தார். 26-ஆம் நாள் சுனாமி தாக்கியது. தொலைபேசி இணைப்புகள் அறுந்தன. அவர் ஊர் திரும்ப அவசரப்படவில்லை. தம் வானொலியின் மூலம் தீவில் இருந்தவர்களைப் பற்றிய செய்திகளைத் தாய்நாட்டில் தவித்துக்கொண்டிருந்த உறவினர்களுக்குச் சேர்த்தார். விளையாட்டாகப் பழகிய கை, வேண்டிய வேளையில் உதவும் கையாயிற்று.

“பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?” என்று முன்பு சொன்ன அப்பா, நாங்கள் ஊர் திரும்பிய அன்று இரவு, “அந்தத் தேர்வு எப்போது வருகிறது?” என்று மாமாவிடம் கேட்டார். நான் இப்போது அதற்குப் படித்து வருகிறேன். 12 வயது நிறைந்தவர் யாவரும் எழுதலாம். மோர்ஸ் தந்திக் குறியீடு தேவைப்படாத பிரிவும் உண்டு. நம் இயற்பியல் பாடத்தில் வரும் மின்சாரமும் அலைகளும்தான் அதற்கு அடிப்படை.

நம் அருட்சகோதரியரும் ஆசிரியைகளும் மனம் வைத்தால், நம் பள்ளியிலேயே ஒரு வானொலிக் குழு அமையலாம். அடுத்த கோடையில் என்னோடு மலையேற யார் வருகிறீர்கள்? ஆன்டெனாவை நான் சுமக்கிறேன். முறுக்கை நீங்கள் சுமந்து வாருங்கள்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி